மரியநாயகிக்குச் சொல்லாத கேதம்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் சூசைரட்ணம் கையில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இல்லாமல், தோளில் துண்டோடு, வேலை நேரத்தில் நடந்து வருகிறார் என்றால் பெண்களுக்கு விசயம் தெரிந்துவிடும். யாரோ போய்விட்டார்கள், அதைச் சொல்லத்தான் மனுசன் வருகிறார் என்று அர்த்தம். கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும். "மாதாவே, நம்ம பக்கம் திரும்பாம அந்தாண்ட போயிரட்டும்" என்று வேண்டிக்கொள்வார்கள். நல்ல மனிதர்தான், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர்தான். ஆனாலும் எதிரே வரக்கூடாத மனிதர்.

கேதம் சொல்வது அவருடைய அப்பனுக்கு அப்பன் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்த வேலை. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, புதுக்காடு என்று மூன்று பிரிவுக்கும் நடக்க வேண்டும். லயம் என்ற நீள வரிசை வீடுகளில் சொந்தபந்தம் இருக்கும் ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நின்று, இன்னார் தவறிவிட்டார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். இதென்ன பெரிய வித்தை, வாய் இருந்தால் யாரும் சொல்லலாமே என்று நினைத்தால் நீங்கள் ஒரு தாயிடம் போய் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சூசைரட்ணம் பாதையில் நின்று கத்த மாட்டார். வாசலுக்கு வந்து, உட்காரவைத்து, பக்கத்துக் காம்பராப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்தி, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். செத்துப்போனார் என்ற சொல்லை எடுக்கவே மாட்டார். "தவறிட்டாங்க தாயி" என்பார், அவ்வளவுதான்.

ஒரு தடவை கீழ்க்கணக்கில் ஒரு கிழவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய தம்பி ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தான். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, முகத்தில் முழிப்பதில்லை. அந்த நாய்க்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று செத்த வீட்டுக்காரர்கள் குதித்தார்கள். சூசைரட்ணம் கேட்கவில்லை. அடைமழையில் பஸ் ஏறிப் போய்ச் சொல்லி, அந்தத் தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "செத்ததுக்கு அழுவுறது அவுங்க அவுங்க பாத்தியதைங்க. அதப் புடுங்க நமக்கு என்னா உரிமை இருக்கு?" என்றார். கூடியிருந்த சனம் தம்பிக்கு வழிவிட்டது.

இப்படிப்பட்டவர்தான் சொந்த வீட்டில் கோட்டை விட்டார். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்!

அவருடைய மனைவி மரியநாயகியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தக் காலத்தில், தேயிலைச் செடி நிரையில் நின்றாலும் சரி, அவள் வாயைத் திறந்தால் மூட மாட்டாள். "மரியநாயகி நெறையிலதான் கொழுந்தும் கூட, கதையும் கூட" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே கேலி பண்ணுவார். புருசன் வாயிலிருந்து வருவதெல்லாம் சாவுச் செய்தி, அதனால் வீட்டுக்குத் தேவையான மற்றப் பேச்சையெல்லாம் நான் பேச வேண்டியிருக்கிறது என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். ஒரே மகள் ஜெயமலர். அவளுக்கும் ஆத்தாள் வாய்தான்.

எழுபத்தொன்பதாம் வருடம், கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடையை இறக்கப் போன மரியநாயகி அப்படியே சாய்ந்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு நின்றுவிட்டது. தொண்டையிலிருந்து 'ம்... ம்...' என்று ஒரு சத்தம் வரும், வேறு ஒன்றும் வராது. தோட்டத்தில் தீர்ப்புச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? பேய் அடித்துவிட்டது என்றார்கள் சிலர். ஓயாமல் வாயாடியதற்குச் சாமி போட்ட பூட்டு என்று ஒருத்தி சொன்னாள், அவள் நாக்கு அழுக! தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வந்து, "கையத் தூக்கு" என்றார். மரியநாயகி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாக்க நீட்டு" என்றார். அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மண்டையில பேச்சு இருந்த எடம் அவிஞ்சு போச்சு. சத்தம் காதுல விழும், ஒண்ணும் வெளங்காது. வேளைக்குச் சோறு குடுத்துப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு டிஸ்பென்சரி ஐயா கைகழுவிக்கொண்டு போனார்.

அன்றோடு மரியநாயகி அந்தக் காம்பராவில் ஒரு சாமானாகிப் போனாள். அவள் இருக்கும்போதே அவளைப் பற்றிப் பேசினார்கள். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பாடு என்று வந்தவர்கள் அவள் முன்னாலேயே கேட்டார்கள். யாரும் கெட்ட மனசோடு கேட்கவில்லை. காது கேட்கிற கல்லு என்று நினைத்துத்தான் கேட்டார்கள்.

அடுத்த வருடம் ராகலையிலிருந்து வீரய்யா என்று ஒருவர் வந்தார். கொழும்பில் பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற ஆள். மலருக்கு அப்போது பதினாறு இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பேசினார், மரியநாயகி மூலையில் சாய்ந்திருந்தாள். சூசைரட்ணத்துக்கு மகளை அனுப்ப இஷ்டமில்லை. ஆனால் படிப்பை நிறுத்திவிட்டு விடிந்தால் அடைந்தால் ஆத்தாளுக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இங்கயே கெடந்தா அது காலம் இதுலயே கழிஞ்சு போயிரும். நாலு எடம் பாக்கட்டும்" என்றார். நல்லதை நினைத்துத்தான் சொன்னார், அதை மறுக்க முடியாது.

புறப்படும் நேரத்தில் மலர் குனிந்து ஆத்தாளுக்கு முத்தம் கொடுத்தாள். மரியநாயகி இடது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. 'ம்... ம்...' என்று தலையை ஆட்டினாள். மலர் அழுதாள். ரயில் கோச்சிக்கு நேரமாகிறது என்று வீரய்யா வெளியே கத்தினார். சூசைரட்ணம்தான் குனிந்து, மனைவியின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். "வெளங்காம புடிச்சிக்கிட்டு இருக்குடா கண்ணு. நீ கெளம்பு" என்றார்.

வருடம் திரும்பவில்லை. கொழும்பில் மலருக்குக் காய்ச்சல் கண்டது, ஆஸ்பத்திரியில் போட்டார்கள், போய்விட்டாள். தோட்டத்து ஆபீசுக்குச் செய்தி வந்து, கண்டாக்கையா கவ்வாத்து மலைக்கு ஏறி வந்து சொன்னார். சூசைரட்ணம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் போயி எல்லாருக்கும் சொல்லிட்டு வந்துர்றேங்க" என்றார். வேறு ஆளை அனுப்புகிறோம் என்று எத்தனை பேர் தடுத்தும் கேட்கவில்லை. தன் மகளுடைய கேதத்தைத் தானே மூன்று பிரிவுக்கும் நடந்து சொன்னார், ஒரு வாசலைக்கூட விடவில்லை. கடைசியில் சொந்த லயத்துக்கு வந்தபோதுதான் அந்த மனுசன் வாசலைத் தாண்டாமல் நின்றுவிட்டார்.

பக்கத்துக் காம்பரா இராசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மதினிக்கு யாருண்ணே சொல்றது?" என்று கேட்டாள்.

"அதுக்கு என்னா தாயி தெரியப்போவுது. வுட்டுரு. குடுத்து வெச்சவ" என்றார் அவர்.

பிணத்தை வைக்க இடம் வேண்டுமே என்று மரியநாயகியைத் தூக்கி இராசம்மா காம்பராவில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். வேனில் பெட்டி வந்து இறங்கியது. பெண்கள் தலையை விரித்துப் போட்டு மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். பெற்றவள் ஒருத்தியைத் தவிர தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அந்தப் பிள்ளைக்கு அழுதார்கள். வெள்ளைக்காரன் கட்டிய லயம் உங்களுக்குத் தெரியும்தானே? இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைத் தகரம்வரைக்கும் போகாது, பாதியில் நின்றுவிடும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அன்றைக்கு அது யாருடைய புத்திக்கும் எட்டவில்லை.

எல்லாம் முடிந்து சில நாள் போன பிறகு, ஒரு சாயங்காலம், சூசைரட்ணம் மனைவிக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தாரோ, "மலருகிட்ட இருந்து சேதி வந்துச்சு புள்ள. நல்லா இருக்காம்" என்றார். சொன்ன மாத்திரத்தில் அவருக்கே நெஞ்சுச் சுமை கொஞ்சம் இறங்கியது. விளங்காதவளிடம் சொல்கிற பொய்யில் யாருக்கு என்ன நட்டம்? அன்றைக்குத் தொடங்கியதுதான். ஒவ்வொரு சாயங்காலமும் மலர் கொழும்பில் உயிரோடு இருந்தாள். "கடலப் பாத்துச்சாம். நம்ம காசல்ரீ ஏரித் தண்ணியப் போல நூறு மடங்கு இருக்காம்" என்பார். "மீன் கொழம்பு வெக்கப் பழகிருச்சாம். அந்த வூட்டம்மா நம்ம புள்ளய மகளாட்டம் வெச்சிருக்காங்களாம்" என்பார். மரியநாயகி இடது கையை அவர் முழங்கையில் வைத்து மெதுவாகத் தடவிக்கொடுப்பாள். சில நாள் கண்ணிலிருந்து நீர் வழியும். அடுப்புப் புகை என்று துடைத்துவிடுவார். சில நாள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். தூக்கம் வந்துவிட்டது என்று போர்த்திவிடுவார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இராசம்மாவுக்கு இதெல்லாம் கேட்கத்தான் செய்தது. "சொல்லிக்கிடட்டும். ஆம்பளைக்கு அழுவ வேற எடம் ஏது?" என்று தன் புருசனை அடக்கிவிடுவாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் சனம் தேயிலைக்குள் ஒளிந்து கிடந்தபோது, சூசைரட்ணம் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு போய்ச் செடிக்கடியில் கிடத்திவிட்டு, அங்கேயும் அவள் காதோரம் குனிந்து, "மலரு பத்தரமா இருக்காம் புள்ள, பயப்புடாத" என்றார். கேட்ட இராசம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வருடங்கள் போகப் போக அவருக்கு ஓர் ஆசை முளைத்தது. அந்த இடது கை தடவுகிறதே, அது சும்மாவா தடவுகிறது? ஹட்டன் கன்னியர்மடத்தில் மருந்து கொடுக்கும் சிசிலி சிஸ்டரிடம் அதைக் கேட்டார். எண்பத்தாறாம் வருடம் அது. சிஸ்டர் சொன்னாள்: "கண்டியில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருத்தர் வந்திருக்கார். துரைராசான்னு பேரு, சீமையில படிச்சவர். நாம பேசுற சொல்லு மண்டைக்குள்ள போயிச் சேருதா இல்லையான்னு மிசின் வெச்சுப் பாக்குறாராம். காயிதம் தாறேன், கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

"கொணமாவணும்னு நான் கேக்கல சிஸ்டர். நான் பேசுறது அவளுக்கு எட்டுதான்னு தெரிஞ்சாப் போதும். அந்த ஒண்ணு தெரிஞ்சாப் போதும்" என்றார். கேட்கிற வரத்தை யோசித்துக் கேட்க வேண்டும் என்பார்கள். அவர் யோசிக்கவில்லை.

கோச்சியில் தூக்கி ஏற்றி, இறக்கி, படாத பாடுபட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் துரைராசா மெலிந்த மனிதர், பெரிய படிப்புக்காரர் என்ற பந்தா இல்லை. சூசைரட்ணத்தைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பேசினார்.

"ஒரு ஆள் கதைக்கேக்க, கேக்கிற ஆளின்ர மூளை சும்மா இருக்கிறேல்லை ஐயா. அடுத்து என்ன சொல் வரும் எண்டு முந்திப் பாத்துக்கொண்டே இருக்கும். 'அடுப்பில ரொட்டி சுட்டன்' எண்டால் பேசாமல் இருக்கும். 'அடுப்பில மேகம் சுட்டன்' எண்டால், அந்த மேகம் எண்ட இடத்தில திடுக்கிடும். கண் இமைக்கிற நேரம்தான். தலையில இந்த வயரை ஒட்டினால் அந்தத் திடுக்கிடுற அலை கோடாக வரும்."

மூலையில் தேயிலைப் பெட்டி அளவுக்கு ஒன்று முனகிக்கொண்டிருந்தது. "அது என்னாத்துக்குங்க?" என்று கேட்டார் சூசைரட்ணம்.

"அது கம்பியூட்டர். நல்லா விளங்கிற சனத்தின்ர மூளை எந்தச் சொல்லுக்கு எவ்வளவு திடுக்கிடும் எண்டு கன பேரைப் பரிசோதிச்சு, அதை ஒரு கணக்காக்கி உதுக்குள்ள வச்சிருக்கிறன். ஒரு வசனத்தைக் குடுத்தால், விளங்கிற ஆளின்ர கோடு இப்பிடித்தான் போகும் எண்டு அது முதலே கீறிக் காட்டும். பிறகு உங்கட மனுசியின்ர கோட்டை அதோட வச்சுப் பாப்பன். ரெண்டும் பொருந்தினால் அவவுக்கு விளங்குது. பொருந்தாட்டில், வெறும் சத்தம்தான் கேக்குது."

"எங்க டிஸ்பென்சரி ஐயா கையத் தூக்கச் சொன்னப்ப அவ தூக்கலீங்களே?"

"விளங்கிறது வேற, விளங்கினதைச் செய்து காட்டுறது வேற. செய்யிற வழி மட்டும் அறுந்துபோயிருக்கலாம். அதைத்தான் பாக்கப்போறம்."

வசனங்களை அவள் பழகிய குரலில் சொன்னால் நல்லது என்று டாக்டர் சூசைரட்ணத்தையே டேப்பில் பேசவைத்தார். மழைக்குக் குடையைத் தின்றேன், ஆட்டுக்குக் கடிகாரம் போட்டேன் என்றெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. மனுசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்புடிப் பேசுனா ஆஸ்பத்திரியில எனக்குல்லங்க கட்டில் போடுவாங்க!" என்றார். டாக்டரும் சிரித்தார். பிறகு, "உங்கட வீட்டுக் கதையும் கொஞ்சம் வேணும். அவவுக்குத் தெரிஞ்ச, உண்மையான விசயங்களாச் சொல்லுங்கோ. பிள்ளையள் எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"ஒரே மக ஐயா. மலரு. கொழும்புல வேல செய்யிது."

நாக்கு பழகிய தடத்தில் போய்விட்டது. அவர் யோசித்துச் சொன்ன பொய் அல்ல. ஐந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மை மாதிரி ஆகியிருந்தது. டாக்டர் அதை வைத்து வசனங்கள் எழுதினார். மலரு கொழும்புல இருக்கு. மலரு கடல் பாத்துச்சு. நத்தார்ப் பண்டிகைக்கு மலரு வீட்டுக்கு வரும். சூசைரட்ணம் அவற்றைச் சொல்லும்போது குரல் குழைந்தது, முகத்தில் ஒரு வெளிச்சம்கூட இருந்தது. கம்பியூட்டருக்கும் பொய்யைச் சொல்லிவிட்டு, தலையெல்லாம் வயர் ஒட்டிய பெண்டாட்டியை மறைப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிவு சொல்ல நாளாகும் என்றார்கள். திரும்ப வரச்சொல்லித் தகவல் வந்தபோது அவர் தனியாகத்தான் போனார். டாக்டர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்கட மனுசிக்கு விளங்குது. சிக்கலான கதை எல்லாம் பிடிபடுமெண்டு சொல்லேலாது. ஆனால் வீட்டில கதைக்கிற கதை, உங்கட குரல், வடிவா விளங்குது. என்ர கணக்கும் அவவின்ர கோடும் அப்பிடியே பொருந்தி வருது."

சூசைரட்ணம் ஒரு சின்னப் பிள்ளையைப் போல அழுதார். "எட்டுதுங்களா? நான் பேசுனது எட்டுதுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஏழு வருடமாகக் கல்லிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை! அந்தக் கொஞ்ச நேரம் அவர் இருந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது. ஊருக்குப் போய் அந்த டிஸ்பென்சரி ஐயாவை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தார்.

டாக்டர் காகிதத்தை மேசையில் விரித்தார். "ஒரேயொரு இடத்தில மட்டும் என்ர கணக்குப் பிழைச்சுப்போச்சு. எனக்கும் பிடிபடேல்லை, உங்களைத்தான் கேக்கவேணும். மகளைப் பற்றின வசனங்கள். சாதாரண வசனங்கள்தானே? அவ திடுக்கிடத் தேவையில்லை எண்டு கம்பியூட்டர் சொல்லுது. ஆனால் பாருங்கோ, அடுப்பில மேகம் எண்டதுக்கு எப்பிடித் திடுக்கிட்டாவோ, மலர் கொழும்பில இருக்கிறா எண்டதுக்கும் அப்பிடித்தான். மலர் வருவா எண்டதுக்கு அதைவிடக் கூட. ஒரு வசனத்தில எண்டில்லை, மகளின்ர வசனம் எல்லாத்திலயும். ஏன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

சூசைரட்ணம் அந்தக் கோடுகளைப் பார்த்தார். அவருக்கு எழுத்தே அரைகுறை, கோடு என்ன தெரியும்? ஆனாலும் தட்டையாகப் போன கோட்டுக்கு மேல் இன்னொன்று எழும்பி நின்றது தெரிந்தது.

"ஒங்க கணக்கு சரிதாங்க ஐயா" என்றார். "நான்தான் பொய் சொல்லிப்புட்டேன். மலரு இல்ல. அது போயி அஞ்சு வருசமாச்சு."

டாக்டர் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு மெதுவாக, "அவவுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"யாருமே சொல்லலீங்க."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, மிசின் தப்பாச் சொல்லாதுங்களா? ஒருவாட்டி தப்பாச் சொல்லாதுங்களா? அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்களேன், ஒங்களுக்குக் கோடி புண்ணியம்" என்றார். எது எட்ட வேண்டும் என்று தவம் கிடந்தாரோ, அது எட்டவில்லை என்று சொல்லச் சொல்லி அதே வாயால் கெஞ்சினார். டாக்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதரால் வேறென்ன செய்ய முடியும்?

ஹட்டன் கோச்சியில் அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாம் விளங்கியிருக்கிறது. வீரய்யா பேசியது விளங்கியிருக்கிறது, அதனால்தான் பிள்ளையின் கையை விடவில்லை. அந்த விரல்களைப் பிரித்தது நான். பெட்டி வந்து இறங்கியதும் ஒப்பாரியும் சுவருக்கு மேலே கேட்டிருக்கிறது. அந்தக் கதவைச் சாத்தச் சொன்னது நான். மூன்று பிரிவுக்கும், சண்டைக்காரன் வீட்டுக்கும் சொல்லிவிட்டு, பெற்ற வயிற்றுக்குச் சொல்லவில்லை. சொல்லாததுதான் போகட்டும், ஐந்து வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் செத்த பிள்ளைக்குப் புதுப் பாவாடை உடுத்தி அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. திடுக்கிட்டுவிட்டு, அழக்கூட வழியில்லாமல், என் கையைத் தடவிக்கொடுத்திருக்கிறாள். நான் அழக்கூடாது என்று தடவிக்கொடுத்திருக்கிறாள். 'அட பாவி, அட சண்டாளா' என்று தன்னைத்தானே வைதுகொண்டார். அது வாய்விட்டு வந்துவிட்டது போலும், எதிரே இருந்த சிங்களத்து அம்மா ஒருத்தி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

லயத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். இராசம்மா வாசலில் உட்காரவைத்துவிட்டுப் போயிருந்த மாதிரியே மரியநாயகி உட்கார்ந்திருந்தாள். புருசனைக் கண்டதும் இடது கையால் பக்கத்தில் பலகையைத் தட்டினாள். அவர் உட்கார்ந்தார். கதை வரும் என்று அவள் கையை அவர் முழங்கையில் வைத்தாள்.

எத்தனை வாசலில் எத்தனை தாய்க்குச் சொன்ன வாய் அது! அன்றைக்கு அதற்குப் பழகிய சொல் ஒத்துவரவில்லை. பக்கத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும் என்பதும் தோன்றவில்லை. அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"நாயகி," என்றார். "நம்ம மலரு செத்துப் போச்சு புள்ள. காய்ச்சல்ல செத்துப் போச்சு. நான் ஒனக்குச் சொல்லல."

மரியநாயகி அவரைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை. நெடுநாள் நின்றுகொண்டே இருந்தவர்களை உட்காரச் சொன்னால் எப்படி இருப்பார்களோ அப்படி அவள் உடம்பு தளர்ந்தது. பிறகு அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. 'ம்... ம்...' என்ற பழைய சத்தம் இல்லை. சொல் இல்லாத ஓலம். இடது கையால் மாரில் அடித்துக்கொண்டாள், விழுந்துபோன வலது கையையும் தூக்கித் தூக்கி அடிக்கப் பார்த்தாள். சூசைரட்ணம் அந்தக் கையை எடுத்துத் தன் தலையில் அடித்துக்கொண்டார்.

லயமே ஓடிவந்தது. கூடையை இறக்காமலே பெண்கள் வந்து நின்றார்கள். புதிதாக வாக்கப்பட்டு வந்த ஒரு பெண் பதறிப்போய், "என்னாங்க மாமா, யாருக்குக் கேதம்?" என்று கேட்டாள்.

"மலருக்கு" என்றார் அவர்.

"அது போயி அஞ்சு வருசமாச்சேண்ணே..." என்றாள் இராசம்மா.

"அவ ஆத்தாளுக்கு இன்னைக்குத்தான் தாயி சொன்னேன்."

இராசம்மா தன் கையைப் பார்த்தாள். அன்றைக்குக் கதவைச் சாத்தியது அவள் கைதான். பிறகு கூடையைக் கழற்றிப் போட்டாள், கொண்டையை அவிழ்த்துவிட்டாள், மண்ணில் உட்கார்ந்து மரியநாயகியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பெத்தவளே, எங்கள மன்னிச்சிரு" என்று ஒப்பாரியை எடுத்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகத் தலையை விரித்துக்கொண்டு அவர்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.